துடைத்த பலகை

அழிக்க மாட்டேன் என்றது கணினி. இந்தப் பிரதியில் இன்னும் பொதுச் சேமிப்பில் சேர்க்காத மாற்றங்கள் இருக்கின்றனவாம்.

இருந்தால் இருக்கட்டும். கட்டளையோடு கட்டாயம் என்பதையும் சேர்த்துத் தட்டினாள்.

போய்விட்டது.

ஆயுத பூஜைக்கு அலுவலகமே தூசி தட்டிக்கொண்டிருந்தது. பொதுக் கணினியைச் சுத்தம் செய்வது அவள் பங்கு. அதில் ஒரே நிரலுக்குப் பத்துப் பன்னிரண்டு பிரதிகள். ஆளுக்கொன்றில் வேலை செய்வார்கள். இட்லி, வடை, பொங்கல் என்று எல்லாவற்றுக்கும் கேண்டீன் பலகாரங்களின் பெயர். எது யாருடையது என்பது வெள்ளைப் பலகையில் எழுதியிருக்கும்.

பலகையைக் காலையிலேயே பளிச்சென்று துடைத்துச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டார்கள்.

அதனால் என்ன? அழித்த பொங்கல் அவளுடையதுதான். மே மாதத்தில் தொட்டது. அப்புறம் சீந்துவாரில்லை.

பூஜைக்குக் கூடினார்கள். தணிகைவேல் பொதுக் கணினிக்குக் குங்குமம் வைத்தார். ஒரு வருடம் வேலையில்லாமல் வீட்டிலிருந்துவிட்டு இங்கே வந்தவர். இன்னும் நிரந்தரமாகவில்லை.

"திங்கக்கிழமை வேலைய முடிச்சுக் காட்டணும் மேடம். தேறலன்னா கெளம்ப வேண்டியதுதான். நீங்க லீவுல இருந்தப்ப பொங்கல் சும்மாதான கெடந்துச்சு, ரெண்டு வாரமா அதுலதான் உக்காந்து முடிச்சேன். சேமிப்புல சேக்கறது மட்டும்தான் பாக்கி."

அவள் பொதுக் கணினியைத் திரும்பிப் பார்த்தாள்.

ஏன் அவ்வப்போது சேர்க்கவில்லை என்று கேட்பானேன்? அரைகுறையாகச் சேர்த்தால் டீம் லீடர் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டிச் சிரிப்பார். தணிகைவேல் அதற்குப் பயந்தவர்.

சேர்த்திருந்தால் எங்கிருந்தாவது தோண்டி எடுத்துவிடலாம். சேர்க்காததை யாராலும் எடுக்க முடியாது. புதிதாக வருகிறவர்களுக்கு இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதே அவள்தான்.

சொல்லிவிட வேண்டும். இப்போதே.

வாயெடுத்தாள். மணி அடித்தது.

எல்லாக் கணினிகளையும் அணைத்தார்கள். பூஜையில் வைத்தாயிற்று, இனி திங்கள் காலைவரை யாரும் எதையும் தொடக்கூடாது. கற்பூரம் எரிந்து முடிந்த பிறகும் தணிகைவேல் கண்ணைத் திறக்கவில்லை. உதடு அசைந்துகொண்டே இருந்தது.

பிறகு தட்டிலிருந்து பொரிகடலை அள்ளி அவளிடம் நீட்டினார்.

"உங்களுக்கும் சேத்து வேண்டிக்கிட்டேன் மேடம்."

இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டாள்.