மாமியின் கோப்பை

“எப்பிடியும் சத்திதான் வருது. எல்லாரும் நோன்போட ஈக்கிற நேரம் நான் மட்டும் எப்பிடி மாமி குடிக்கிற?”

மசக்கை வாந்தியில் துவண்டு கிடந்த ஹவ்வா, கஞ்சிக் கோப்பையைத் தள்ளினாள்.

“வெறும் வயித்தோட கெடந்தா புள்ளைக்குக் கூடாது மக. எனக்கும் வயித்துப் புண்ணு, இந்த வருசம் நோன்பு பிடிக்கல்ல. ரெண்டு பேருமாக் குடிப்போம்.”

மாமி தன் கோப்பையை உதட்டில் வைத்ததும் ஹவ்வாவும் கூச்சம் விட்டுக் குடித்தாள். தினமும் அப்படித்தான்.

ஒருநாள் உக்குவளைப் பள்ளிவாசலில் அந்தி சாய்ந்து மஃரிப் பாங்கு கேட்ட நேரம், கோப்பையைக் கழுவ அடுப்படிக்குப் போனாள். மாமி பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்து, நோன்பு திறக்கும் துஆவை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில், பகலில் அவர் ‘குடித்த’ கஞ்சி ஆடை படிந்து அப்படியே இருந்தது.

ஹவ்வா சத்தமில்லாமல் திரும்பிவிட்டாள்.

மறுநாள் மாமி கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனபோது, அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, தன் கஞ்சியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடித்தாள்.