ஐந்தாம் மேசை

அழகு நிலையத்தில் காசு கொடுத்துத் தோளில் பச்சை இறகு முளைக்க வைத்துக்கொண்டு ஒரு மாதமாகியும் அது கணவர் கண்ணில் படவே இல்லை. அந்தக் கடுப்போடுதான் தேமொழி விலங்கியல் செய்முறைத் தேர்வு நடத்த வெளியூர்ப் பள்ளிக்கு வந்திருந்தாள். கால் கடுத்ததும் ஆய்வகத்தில் காலியாக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ‘5’ என்ற அட்டை இருந்ததைக் கவனிக்கவில்லை.

மணி அடித்தது. மேசைக்கு ஓர் உயிரினம். அது பறவையா, பாலூட்டியா, எந்த வகுப்பு, ஏன் என்று எழுதிவிட்டு நகர வேண்டும். பேசக் கூடாது. நாலாம் மேசையில் முயல்காது முளைத்த மீன் இருந்ததால், ஐந்தாவது இறகு முளைத்த இவள்தான் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிட்டார்கள். ஒருத்தி லென்ஸோடு அவள் தோளருகே குனிந்தாள். இன்னொருவன் படம் வரைந்து பாகம் குறித்தான். தேமொழிக்கு எழுந்திருக்க மனமே வரவில்லை.

மாலையில் விடைத்தாள்களைப் புரட்டியவள் கணவருக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, முப்பத்தொன்பது பேர் என்னைப் பறவைன்னு எழுதியிருக்காங்க!”

“பறவையா? ஏன்?”

அவள் நாற்பதாவது தாளை வாசித்துக் காட்டினாள். “வகுப்பு: பாலூட்டி. மனிதப் பெண். காரணம்: தன் இறகை யாராவது பார்க்கிறார்களா என்று நொடிக்கொரு தரம் பார்க்கிறது.”



“அட! அதைப் புதுச் சால்வைன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்!”

தேமொழி சிரித்த சிரிப்பில் இறகுகள் அத்தனையும் சிலிர்த்து நின்றன.