மேய்ச்சல் கறி

ஹோட்டல் சமையல்காரர் முதல் துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றார். பண்ணைக்காரனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஹோட்டலுக்கு இந்தக் கறி வேண்டாமென்று இவர் சொல்லிவிட்டால், கொட்டகைப் பன்றிகளைப் புல்வெளியில் விட்டு மேய்த்த ஒரு வருட உழைப்பும் வீண்.

"மீன் வாடை வருதே தம்பி. மீன்தூள் போட்டு வளர்த்ததுதானே?"

"அதைக் கண்ணுல கூடக் காட்டலைங்க. புல்லு, கிழங்கு, பார்லி, அவ்வளவுதான்."

"அப்போ என் நாக்கு பொய் சொல்லுதாக்கும்." அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அடுப்படியிலிருந்து பண்ணைக்காரனின் மனைவி வெளியே வந்தாள்.

"இருங்கண்ணே. நீங்க சாப்பிட்டது எங்க பன்னி இல்ல. கடையில வாங்கினது."

"என்னடி சொல்ற?" என்றான் பண்ணைக்காரன்.

"காலையில நீங்க கொண்டாந்த கறி கடைக்கறி மாதிரி வெளுப்பா இல்ல. ஒரே கருஞ்சிவப்பா இருந்துச்சு. கெட்டுப்போச்சுன்னு நினைச்சுட்டேன். சொன்னா இடிஞ்சு போயிடுவீங்களேன்னு..."

"தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்ல. நாய்க்குப் போடலாம்னு பின்கட்டுல வெச்சிருக்கேன்."

சமையல்காரர் பையைக் கீழே வைத்தார்.

"ஓடியாடி மேஞ்ச பன்னிக்கு அந்த நிறம்தாம்மா வரும். மொதல்ல போய் நாயைக் கட்டிப் போடுங்க."