வெந்தயம் போடாத மாவு

அம்மா அப்பாவுக்கு விவாகரத்து ஆனதும் புதிய சட்டப்படி வீடு பத்து வயது இளவெயினியின் பெயருக்கு மாறியது. அம்மாவும் அப்பாவும்தான் வாரம் மாற்றி வாரம் வந்து அவளுடன் தங்கிப் போகிறார்கள்.

ஞாயிறு காலை அப்பா பெட்டியோடு கிளம்பியதும், குழந்தைகள் நலத்துறையிலிருந்து சோதனைக்கு வந்த பெண் அதிகாரி ஃபிரிட்ஜைத் திறந்தார்.

"இந்த மாவு யாரும்மா அரைச்சது?"

"அப்பா. இன்னிக்கு அம்மா வர்றாங்கல்ல, அதான் வெந்தயம் போடலை. அவங்களுக்கு ஆகாது. அப்பாவுக்கு அது இல்லாம இட்லியே இறங்காது. அதனால அம்மா போறப்ப வெந்தயம் போட்டு அரைச்சு வெப்பாங்க."

அதிகாரிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "அப்புறம் ஏன் பிரிஞ்சாங்க?"

"காரணம் கேக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கே, மேடம்."

அதிகாரி நீட்டிய சோதனைப் படிவத்தை வாங்கி, உரிமையாளர் என்ற இடத்தில் இளவெயினி அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

"ஏதாவது குறை இருந்தா எங்கிட்ட சொல்லுங்க. ரெண்டு பேரும் என் பொறுப்பு."