தேவையில்லாததை எல்லாம் தூக்கு

"முதல்ல அந்தக் கல்யாணத்தை நிறுத்துங்க!"

ஸ்டோர்கீப்பர் போட்ட சத்தத்தில், அட்டைப்பெட்டிகளுக்கு அந்தப் பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவருக்குப் புரையேறிவிட்டது. "ஐயோ, யார் வீட்டுல சார்?" என்று இருமிக்கொண்டே எழுந்து வந்தார்.

"யார் வீட்டுலயும் இல்லய்யா, கேம்ல. நீ போய்ச் சாப்பிடு." கையை ஆட்டி அவரை விரட்டிவிட்டு, ஹெட்போன் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார் ஸ்டோர்கீப்பர்.

மதிய இடைவேளை முக்கால் மணி நேரம். அதற்குள் ஆறு பேரும் ஆறு இடத்திலிருந்து ஆன்லைனில் கூடி ஆடியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கோட்டைப் போட்டி. இருபது நிமிடத்துக்குள் கோட்டையைப் பிடிக்காத டீமைக் கேமே கலைத்துவிடும். ஸ்டோர்கீப்பர் பார்த்தவரை இவர்கள் இருபத்திரண்டு நிமிடத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை.

டீம் கலைந்தால் மற்றவர்களுக்கு என்னவோ, அவருக்குப் பெரிய இழப்பு. பதினோரு வருடமாக இந்த ஸ்டோரில் வேலை. அவர் சொன்ன இடத்தில் ஒரு பெட்டியைக்கூட யாரும் வைத்ததில்லை. வீட்டில் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னால், அவர் ரூம் கதவைத்தான் சாத்துவார்கள். ஐந்து பேர் வாய் நிறைய "தலைவரே" என்று கூப்பிடுவது இந்த ஒரே இடத்தில்தான்.

"நானும் மீசையும் பக்கத்துல பக்கத்துல நின்னா பலம் கூடும் தலைவரே. அதுக்குத்தானே கேம்ல கல்யாணமே பண்ணிக்கிட்டோம்?" என்றாள் டாக்டரம்மா. ஆட்டத்தில் எல்லோருக்கும் மருந்து போடுகிறவள் அவள். நிஜத்தில் தையல் மெஷின் ஓட்டுகிறாள்.

"கூடுற பலத்தைவிட நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் தேடி அலையுற நேரம் ஜாஸ்தி. தூக்குங்க!"

"அப்ப என் நாய்க்குட்டி?" என்றான் மீசை.

"யோவ், நாம அங்க உயிரைக் குடுத்துச் சண்டை போடுறோம், அது எலும்பைத் தேடிட்டுத் திரியுது. அதுவும் வேண்டாம். சூப் காய்ச்சறது, மீன் பிடிக்கிறது, சட்டைக்குச் சாயம் போடறது, எல்லா வெட்டி வேலையையும் விட்டுடுங்க."

"பாவம் தலைவரே, ஆசையா பேரெல்லாம் வச்சேன்."

"பேரு வச்சா ஆச்சா? சோறு வைக்கிறதுக்கு நடுச்சண்டைல அரை நிமிஷம் நிக்கிறியே, அதை யாரு கேக்கிறது?"

ஆமை என்கிற ஆள் மட்டும் அதுவரை வாயே திறக்கவில்லை. பத்து தடவை யோசித்துத்தான் ஒரு வார்த்தை பேசுவான், அதனால்தான் அந்தப் பெயர். "தலைவரே, எதை வச்சு இதெல்லாம் முடிவு பண்றோம்?" என்று மெல்லக் கேட்டான்.

"இதுல என்னப்பா பெரிய ஆராய்ச்சி? அது இல்லாம ஆட்டம் ஓடுமா? ஓடும்னா தூக்கு. யார் மனசு கஷ்டப்படும்னு எல்லாம் பாத்துக்கிட்டிருந்தா ஞாயித்துக்கிழமை மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"சரி தலைவரே" என்றான் ஆமை.

"நேத்தும் ஒரு நாள் வீணாப் போச்சு. ஸ்டாக் எண்ணச் சொல்லி மேனேஜர் என் உயிரை வாங்கிட்டார். ஆமா, நான் வராதப்ப நீங்க என்ன பண்ணீங்க?"

"சும்மா... ஆடிப் பாத்தோம்" என்றாள் டாக்டரம்மா. அவருக்கு மேற்கொண்டு கேட்க நேரமில்லை. "வாங்க, வாங்க, ஆரம்பிக்கலாம்" என்று அவசரப்படுத்தினார்.

ஆட்டம் ஆரம்பமானது. மற்ற ஐந்து பேரும் வாளும் வில்லுமாகக் கீழே நிற்க, ஸ்டோர்கீப்பர் வழக்கம்போல மேட்டில் ஏறிக் கொடியைப் பிடித்துக்கொண்டார். சண்டை போடுவது தலைவர் வேலை இல்லை. யார் எப்போது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று சொல்வதுதான் அவர் வேலை. அவர் கொடியை அசைக்கும்வரை ஒருவரும் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

"டாக்டரம்மா, நில்லுங்க! மீசை, இடது பக்கம்... இல்ல இல்ல, வலது! ஆமை, நான் சொல்லாம ஏணியில ஏறாதேப்பா!" கத்திக் கத்தித் தொண்டை வறண்டுபோனது. கோட்டை விழுந்ததும் ஆவலாகத் திரையின் மூலையைப் பார்த்தார்.

இருபத்தொரு நிமிடம்.

ஸ்டோர்கீப்பருக்கு வந்த கோபத்தில் பக்கத்திலிருந்த பெட்டியை ஓங்கி ஒரு குத்து குத்தினார். கைதான் வலித்தது. இவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டும் ஒரே ஒரு நிமிடம்தான் குறைந்திருக்கிறது!

"கல்யாணம் இல்ல, நாய் இல்ல, சூப் இல்ல. இன்னும் ஒரு நிமிஷத்தை எதுதான் தின்னுது? தேவையில்லாதது வேற ஏதோ ஒண்ணு நம்மகிட்ட ஒட்டிக்கிட்டிருக்கு. கண்டுபிடிச்சுத் தொலைங்களேன்!"

ஹெட்போனில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். மீசை எதையோ சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். டாக்டரம்மா, "ஆமை, நீயே சொல்லிடு" என்றாள்.

"ஒண்ணு இருக்கு தலைவரே" என்றான் ஆமை. "எப்படிச் சொல்றதுன்னுதான்..."

"இழுக்காம சொல்லு! அது இல்லாமலும் ஆட்டம் ஓடுமா, ஓடாதா?"

"ஓடும். ஓட்டிப் பாத்துட்டோம்."

"அடப்பாவி, இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன? எப்ப பாத்தீங்க?"

"நேத்து. நீங்க இல்லாம பதினெட்டு நிமிஷத்துல முடிச்சுட்டோம், தலைவரே."