இருநூற்றுப் பன்னிரண்டு படிகள்

“இருநூத்திப் பன்னெண்டு படி. நீயும் எண்ணின, நானும் எண்ணினேன். மூணு வாட்டி ஏறி எறங்கினோம். இப்ப எதுக்கு இருநூறுன்னு எழுதற?” என்றான் ஹரிபாபு.

தேவசேனா போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “எழுதினா இன்னா?”

எருமைக்கோனை மலைக்குப் போய்வந்த களைப்பில், திருச்சானூர் மாடி போர்ஷனில் புருஷனும் பெண்சாதியும் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். சுற்றுவட்டார மலைப்பாதைகளைப் பற்றி, நடந்தவர்களே எழுதிச் சேர்க்கிற வழிகாட்டி ஒன்று செல்போனில் இருக்கிறது. எங்கே திரும்பவேண்டும், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்று யாரும் எழுதலாம், படம் போடலாம். தப்பிருந்தால் இன்னொருவர் வந்து திருத்தலாம். ஒரு வருஷமாக ‘கோனைக்கிளி’ என்ற பெயரில் தேவசேனா அதில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

எழுதட்டும், நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு குறிப்பிலும் ஒரு தப்பு. போன வாரம் இலுப்பை மரத்தைப் புளியமரம் என்றாள். அதற்கு முந்தின வாரம் நாலு தூண் மண்டபத்துக்கு ஆறு தூண் வைத்தாள். கணக்கில் புலி அவள். வேண்டுமென்றே செய்கிறாள் என்பது இன்றைக்குத்தான் ஹரிபாபுவுக்கு உறைத்தது.

அதைவிட உறுத்தியது இன்னொன்று. இவள் எழுதிய இரண்டாம் நாள், ‘எஸ்.எஸ்., நகரி’ என்று ஒரு ஆள் வந்து திருத்துவார். சும்மா திருத்தமாட்டார். “அது புளி இல்ல, இலுப்பை. கண்ண எங்க வச்சிகினு நடந்த?” என்று, முன்பின் தெரியாதவளை நீ வா போ என்று வறுத்தெடுப்பார். இவள் அதைப் பத்துத் தடவை படிப்பாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் வரும். கட்டின புருஷன் மல்லிப்பூ வாங்கி வந்தபோதுகூட அந்த வெளிச்சம் வந்ததில்லை. பொறாமை என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. ஆனால் பொறாமைதான்.

“யாரு தேவா அந்த ஆளு?”

“யாரோ.”

“யாரோ திட்டினா சிரிப்பியா?”

அவள் போனை அந்தப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“இத நம்பி ஜனம் மலையேறுது. தப்பா எழுதறது பாவம்.”

“வழுக்கற எடத்துலயும் தண்ணி இருக்கற எடத்துலயும் நான் தப்பே எழுதினது இல்ல. பன்னெண்டு படி கூட ஏறினா யாருக்கும் கால் ஒடிஞ்சிடாது” என்று சொல்லிவிட்டுக் குக்கரை இறக்கப் போனாள்.

ஹரிபாபு போனை எடுத்தான். அவள் இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த இருநூறை அழித்தான். இருநூற்றுப் பன்னிரண்டு என்று போட்டு அனுப்பிவிட்டான். ஊருக்கு நல்லது செய்த திருப்தி பாதி, அந்த எஸ்.எஸ். வாயை அடைத்த திருப்தி மீதி.

திரும்பி வந்த தேவசேனா போனைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னா காரியம் பண்ண ஹரி. ஒருவாட்டி அனுப்பினா நம்மளால மாத்தவும் முடியாது. இனிமே அவரு எழுதமாட்டாரு.”

“எழுதாட்டி போறாரு. அவரு யாரு உனக்கு?”

“எங்க நைனா.”

அந்த எஸ்.எஸ். யார் என்று ஹரிபாபுவுக்கு இப்போதுதான் விளங்கியது. மாமனார் சிவசங்கரன் முப்பது வருஷம் சர்வே ஆபீஸில் நிலம் அளந்தவர். அளவில் ஓர் அடி பிசகினால் சோறு இறங்காது அவருக்கு. ஐந்து வருஷத்துக்கு முன்னால், தெலுங்குப் பையன் கையைப் பிடித்துக்கொண்டு மகள் வாசலில் வந்து நின்றபோது, “எனக்குப் பொண்ணே பொறக்கல” என்று கதவைச் சாத்தினார். அதன்பிறகு மகள் போட்ட போன் எதையும் எடுத்ததில்லை.

“ரிடையர் ஆனதுலேர்ந்து மலைமலையா அளந்துகினு சுத்தறாருன்னு நைனாகூடப் பொறந்த அத்தை சொன்னாங்க. சரியா எழுதினா கண்டுக்கமாட்டாரு ஹரி. தப்பு இருந்தாத்தான் வருவாரு. எழுதறது நான்னு அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா அதுவும் நின்னுடும்.” மூக்கை உறிஞ்சினாள். “வாரத்துக்கு ரெண்டு வரி. அந்தத் திட்டுக்கோசரம்தான் நான் மலையே ஏறினேன்.”

அவனுக்குத் தன் விரலையே ஒடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

திங்கள் போனது. செவ்வாய் போனது. எஸ்.எஸ். வரவில்லை. இவள் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாள். போனைப் பார்ப்பாள், கவிழ்த்து வைப்பாள், மறுபடி எடுப்பாள். அப்பன் பாசம் இத்தனை பசியாக இருக்கும் என்று ஹரிபாபுவுக்கு இதுவரை தெரியாது. தாயார் கோயிலுக்குப் போய், தான் செய்த சரிக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தான்.

வியாழக்கிழமை சாயந்திரம் போன் சிணுங்கியது. இரண்டு தலையும் ஒன்றாகக் குனிந்தன.

“இருநூத்திப் பன்னெண்டு தப்பு. இருநூத்திப் பதிமூணு.”

ஹரிபாபுவுக்கு ஒன்றும் புரியவில்லை. “லேது தேவா. மூணு வாட்டி எண்ணினோம், பன்னெண்டுதான். உங்க நைனாவுக்கு எப்படிக் கணக்கு தப்பும்?”

தேவசேனா போனை அவன் பக்கம் திருப்பினாள். அதற்குக் கீழே இருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“நம்பிக்க இல்லன்னா ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்கு அடிவாரத்துக்கு வா, சேந்தே எண்ணலாம். மாப்பிள்ளையையும் இட்டுகினு வா.”