வெங்காய வாடை

பீர் ஆலையின் தலைமைப் பக்குவக்காரர் பில்ச்சர் கணப்படுப்புக்கு முதுகு காட்டி நின்றபடி, பீருக்கு வாசமும் கசப்பும் சேர்க்க மேவிஸ் தன் தோட்டத்திலிருந்து கொண்டுவந்த கோல்டிங் ஹாப் பூக்களை உள்ளங்கைகளில் கசக்கி, நீளமாக மோந்து பார்த்தார். இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்தில் அவர் மூக்கு சொல்வதற்கு மறுபேச்சு கிடையாது.



"என்னம்மா, தேன் வாசம் வரவேண்டிய பூவுல வெங்காய வாடை அடிக்குது?"

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மழை விடவே இல்லீங்க. பறிக்கிறதுக்குள்ள முத்திப்போச்சு. திருப்பி மட்டும் அனுப்பிடாதீங்க!"

"வாசத்துக்காகக் கடைசியில போட இது ஆகாது. கசப்புக்கு எடுத்துக்கறேன். முதல்லயே போட்டுக் கொதிக்கவிட்டா வாடை ஓடிரும்."

மேவிஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"உங்க மூக்கை யாராலங்க ஏமாத்த முடியும்?" என்றவள் சட்டென்று முகம் சுளித்தாள். "ஐயோ, உங்க கோட்டு கருகுது! இந்த நாத்தம் கூடவா தெரியல?"

பில்ச்சர் பதறிப்போய்க் கோட்டைக் கழற்றி உதறினார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வெளிய மூச்சு விட்டுராதே, மேவிஸ். ஒரு காய்ச்சல் வந்துச்சு, அதுக்கப்புறம் எனக்கு எந்த வாசமும் தெரியல. வர்றவங்க எல்லார்கிட்டயும் வெங்காய வாடைன்னுதான் சொல்லுவேன். சொல்லிட்டு, அவங்க மூஞ்சியைப் பார்ப்பேன்."